நான்கு தப்புக் குறிகள்: ஒரு சிறுகதையைப் பிள்ளைகளோடு படித்த அனுபவம்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், வழக்கம்போல நீலகேசி, சூளாமணி என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அரிசிக் கடைக்காரன் எனக்கும் அதைவிட்டால் வேறு என்ன தெரியும்? ஆனால் இந்த முறை விஷயம் வேறு. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கிறவர்களுக்கு, ஒரு கதையை எப்படிப் படிப்பது என்று ஆறு வாரம் பாடம் சொன்னேன். எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்கச் சிறுகதை. தமிழ் வகுப்பில் அமெரிக்கக் கதை எதற்கு என்று இரண்டு பெற்றோர் என்னைக் கடையிலேயே வந்து கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு அப்போது அரிசி எடைபோட்டுக்கொண்டே சொன்ன பதில் அரைகுறை. முழுப்பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கதை கையில் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லிஸ் பாலத்தை அடுத்துச் சாபர்மதிக் கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி பஜாரை மணிநகர்த் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள். பழைய பூட்டு, பழைய மின்விசிறி, பழைய புத்தகம் எல்லாம் ஒரே விரிப்பில் கிடக்கும். அட்டை போன ஓர் அமெரிக்கப் பள்ளிப் பாடநூலை ஐம்பது ரூபாய்க்கு அங்கேதான் வாங்கினேன். அதில் மூன்று நான்கு பக்கத்துக்கு ஒரு கதை. ஆஞ்செலிகா கிப்ஸ் என்ற பெண்மணி எழுதியது. 1940-ஆம் ஆண்டு 'நியூயார்க்கர்' வார இதழில் வந்தது. தலைப்பு 'த டெஸ்ட்'. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். அன்று மத்தியானம் தூங்கவில்லை.

கதை இதுதான். மேரியன் என்ற இருபத்தேழு வயதுக் கறுப்பினப் பெண், எரிக்ஸன் என்ற வெள்ளைக்கார அம்மாள் வீட்டில் வேலை செய்கிறாள். அவ்வீட்டுக் குழந்தைகளைக் காரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு வர அவளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தேர்வுக்குப் போய்த் தவறிவிட்டாள். இது இரண்டாம் முறை. துணைக்கு எஜமானி அம்மாளே வருகிறார். வழியில் பேச்சு. தேர்வு நடக்கும் இடத்தில் காத்திருப்பு. முன்பு அவளைத் தவறவிட்ட அதிகாரி தூரத்தில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். நல்ல வேளையாக அவர் வரவில்லை. சிரித்த முகமாக, நடுவயதுள்ள வேறொருவர் வந்து காரில் ஏறுகிறார். எரிக்ஸன் அம்மாள் இறங்கி நடைபாதையில் நின்றுகொள்கிறார். காருக்குள் அந்தச் சிரித்த முகக்காரர் மேரியனை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், குழந்தைகள் ஒரு மந்தை இருக்குமே என்கிறார், ராத்திரியில் யாரையாவது பார்க்கப் போகத்தானே கார் என்கிறார், பாட்டைச் சீட்டியடித்துக்காட்டி ஊர் ஞாபகம் வருகிறதா என்கிறார். மேரியன் வண்டியைப் பழுதில்லாமல் ஓட்டிக்கொண்டே, கேட்டதற்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லிவருகிறாள். பாலத்து அறிவிப்புப் பலகையைப் படிக்கச் சொல்கிறார். படிக்கிறாள். எங்கே கற்றாய் என்கிறார். போன வருஷம்தான் கல்லூரிப் பட்டம் வாங்கினேன் என்கிறாள். மனிதர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பாலத்துச் சரிவில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்கிறார். கிளட்சிலிருந்து கால் வழுக்கி இன்ஜின் நின்றுபோகிறது. பட்டத்தை வைத்து மீண்டும் ஒரு கேலி. மேரியன் வாய்விட்டு ஒரு வசவைச் சொல்லிவிடுகிறாள். சிரிப்பு அந்தக் கணமே மறைகிறது. விண்ணப்பத் தாளில் கை போன இடத்தில் நான்கு தப்புக் குறிகளை அழுத்திப் போட்டுவிட்டுத் திரும்பச் சொல்கிறார். இந்த முறையுமா என்று எரிக்ஸன் அம்மாள் கேட்க, ஆமாம், ஆனால் வேறு மாதிரி என்று மட்டும் சொல்லிவிட்டு மேரியன் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொள்கிறாள். கதை முடிந்தது.

இதை நானே தமிழில் பெயர்த்துப் பதினொரு பிள்ளைகளுக்கும் படி எடுத்துக் கொடுத்தேன். ஆங்கில மூலத்தையும் கூடவே கொடுத்தேன். அவர்கள் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட மேல். என் மொழிபெயர்ப்பில் தப்பு கண்டுபிடித்தால் தப்புக்கு ஒரு பாதாம் பிஸ்கட் என்று சொல்லியிருந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு பையன் ஒன்று வாங்கிவிட்டான். அந்த நான்கு குறிகளை நான் 'சிலுவை' என்று எழுதியிருந்தேன். "தாத்தா, இது இன்ட்டு மார்க், சிலுவை இல்லை" என்றான். நூற்றுக்கு நூறு சரி. அகராதி பார்த்து எழுதுகிறவனுக்கு இதெல்லாம் வரும். 'தப்புக் குறி' என்று மாற்றினேன்.

முதல் வாரம், கதை என்ன சொல்கிறது என்று எழுதச் சொன்னேன். பதினொருவரில் பத்துப் பேர், சொல்லிவைத்தாற்போல, இனவெறி தவறு என்று எழுதினார்கள். அது சரியான பதில்தான். ஆனால் கதையைப் படிப்பதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்த பதில். கதைக்குப் போய் அங்கிருந்து எதுவும் கொண்டுவரவில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் நெய்யரி ஒன்று. பன்னாடை என்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. நீதி வாக்கியத்தைக் கசடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்திக்கொண்டு மேரியனின் கையையும் காலையும் குரலையும் ஒழுகவிட்டால் அது நெய்யரி வேலைதான். பள்ளிக்கூடங்களில் இந்தக் கதையைப் போன்றவற்றை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பாடநூலில் கதைக்குக் கீழே இருந்த கேள்விகளும் பெரும்பாலும் அந்தத் தினுசுதான்.

பதினோராவது பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், வேறு எழுதினான். தப்பு மேரியன் பேரில். அதிகாரியிடம் கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. பொறுத்திருந்தால் உரிமம் கிடைத்திருக்கும். மற்றவர்கள் அவனைச் சும்மா விடவில்லை. நான் விடச் சொன்னேன். ஏனென்றால் அவன் ஒருவன்தான் கதைக்குள் நடந்த ஒரு காரியத்தைக் கையில் எடுத்திருந்தான். பொறுத்திருந்தால் கிடைத்திருக்குமா? கதையில் அதற்குச் சான்று உண்டா? தேடு என்றேன். மூன்று வாரம் அந்தக் கேள்வியிலேயே போயிற்று.

தேடினால் கிடைக்கிறது. கதையின் முற்பாதியில், போகிற வழியில், நான்கு தவறு செய்தால்தான் தேர்வில் தவறுவார்கள் என்று மேரியன் ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள். போன தடவை அந்த அதிகாரி தாளில் குறித்த தவறுகளையெல்லாம் தான் செய்ததாகத் தனக்கு ஞாபகமில்லை என்றும் சொல்கிறாள். படிக்கும்போது இது வெறும் வழிப்பேச்சு. கடைசியில் அந்த மனிதர் எண்ணி நான்கு குறி போடுகிறபோதுதான் முதல் பேச்சு திரும்பி வந்து நம்மை இடிக்கிறது. சாலையில் அவள் செய்த பிழை ஒன்றே ஒன்று, இன்ஜின் நின்றது. அந்த ஒன்றும் எப்படி நேர்ந்தது என்று பார்த்தோம். மிச்ச மூன்று எங்கிருந்து வந்தன? போன தடவை வசவு எதுவும் இல்லையே, அப்போதும் நான்கு வந்ததே? அந்த மாணவன் இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்து, "தாத்தா, பொறுத்திருந்தாலும் நிச்சயம் கிடைத்திருக்கும்னு சொல்ல முடியாது" என்றான். கிடைத்திருக்காது என்று அவன் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன். கதை சொல்லாததை அவன் சொல்லவில்லை. இந்த நிதானம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் தெரியும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை விட்டு, கிளட்சைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு எடுப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்று தெரியாது. சரக்கு டெம்போ ஓட்டிய எனக்குத் தெரியும். பாரம் ஏற்றிய வண்டியை மேம்பாலத்தில் நிறுத்தி எடுக்கும்போது பக்கத்தில் ஒருவன் சிரித்தால் போதும், கால் நடுங்கும். கிப்ஸ் அம்மையார் இடம் பார்த்து வைத்திருக்கிறார். நெருக்கமாக நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரை நுழைத்தாள், நடுத்தெருவில் திருப்பினாள், கடைத்தெரு நெரிசலில் ஓட்டினாள், எதிலும் பிழை இல்லை. சரிவில்தான் வழுக்குகிறது. அதற்கு முந்திய நொடியில்தான் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். முதல் தேர்விலும் மழையில் மேட்டில்தான் வண்டி சறுக்கியது. இந்தப் பாலத்துப் பலகையும் வழுக்கலைப் பற்றித்தான் எச்சரிக்கிறது. அன்றோ வெயில்.

நம் பழைய உரைகாரர்கள் அகப்பாட்டைத் தொட்டால் முதலில் கேட்பது, இது யார் கூற்று, யாரைப் பார்த்துச் சொன்னது, யார் கேட்கச் சொன்னது என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கொண்டே இக்கதையின் கட்டடத்தைப் பிரித்துக் காட்ட முடிந்தது. முற்பாதி முழுவதும் நாம் எரிக்ஸன் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். அவர் நினைப்பது நமக்குத் தெரிகிறது. மேரியன் நினைப்பது தெரியாது. அம்மாள் காரிலிருந்து இறங்கியதும் நாமும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கதை நம்மை இறங்கவிடாமல் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிறது. அந்த அம்மாள் காணாததை நாம் காண்கிறோம். திரும்பி வந்ததும் அவர் என்ன ஆயிற்று என்று கேட்கிறார், நமக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் இல்லை. இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். "கேமராவை அந்த அம்மா கையிலேருந்து பிடுங்கிட்டாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். நான் உரைகாரர் பாஷையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காருக்குள் போன பிறகும் மேரியனின் மனத்துக்குள் கதை நுழைவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அவளுக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது என்று ஒரு சொல் கிடையாது. குரல் கொஞ்சம் அசைகிறது, முகம் இறுகுகிறது, கால் வழுக்குகிறது. அவ்வளவே. மனத்தில் இருப்பது உடம்பில் தெரிவதைத்தான் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாட்டையும் அவை பிறக்கும் இடங்களையும் பலகையில் எழுதிப்போட்டு, இக்கதைக்குப் பொருந்துவதை எடுக்கச் சொன்னேன். நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது எள்ளல். பெருமிதம் பிறக்கும் நான்கில் முதலாவது கல்வி. வெகுளி பிறக்கும் நான்கில் ஒன்று அலை, அதாவது அலைக்கழித்தல். பாலத்தின்மேல் நடப்பது இந்த மூன்றும் மோதிக்கொள்வதுதான். அவள் கல்வியைச் சொன்னாள், அவர் எள்ளினார், அவளுக்கு வெகுளி பிறந்தது. ஒரு மாணவி இன்னும் ஒருபடி போய், குழந்தைகள் மந்தை என்று அவர் பேசியது குடிகோளில் சேரும், ஆகவே வெகுளிக்கு அப்போதே காரணம் இருந்தும் அவள் அடக்கியிருக்கிறாள் என்றாள். குடிகோள் என்பது சுற்றத்துக்கும் பிறப்புக்கும் கேடு நினைப்பது. பொருந்தத்தான் செய்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக் கருவி, அமெரிக்கக் காருக்குள் வேலை செய்கிறது. தமிழ் வகுப்பில் இந்தக் கதை எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு என் பாதிப் பதில் இது.

இனிப் பெயர். அவள் பெயர் மேரியன். அதிகாரி கூப்பிடுவது 'மாண்டி', 'மாண்டி லூ'. அவள் தாள் அவர் கையிலேயே இருக்கிறது, பெயர் தெரியாமல் இல்லை. மாண்டி என்பது கறுப்பின வேலைக்காரப் பெண்களுக்கு அந்தக் காலத்துக் கேலி நாடகங்களும் பாட்டுகளும் சூட்டிவைத்த பொதுப்பெயர். எவளாக இருந்தாலும் மாண்டி. அதுபோலத் தென்மாநிலத்துக் கறுப்பர் பேசுவதாக மேடையில் பேசிக்காட்டும் ஒரு கொச்சையை அவர் பேசத் தொடங்குகிறார். மேரியனின் பேச்சிலோ அந்த வாடையே இல்லை என்று கதை முதலிலேயே சொல்லிவிட்டது. அவள் பிறந்தது பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டன் நகரம். வடக்கு. மூன்று வருஷம் அங்கே உரிமம் வைத்து ஓட்டியவள். இதையெல்லாம் அவள் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அவர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. எதிரே உள்ள ஆள் அந்தப் படத்துக்குப் பொருந்தாவிட்டால் ஆளைத்தான் திருத்துவார், படத்தை அல்ல.

இந்தக் கொச்சையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று தவித்தேன். முதல் படியில் ஒரு தந்திரம் செய்தேன். 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் நடிகர் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து பேசுகிற பேச்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைக் கேட்டுவிட்டு நம்மிடம் அப்படியே பேசிக்காட்டாத அண்டை வீட்டார் உண்டா? அந்த மாதிரிப் பேச்சை அதிகாரி வாயில் வைத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த வாரமே அதை அடித்துவிட்டேன். ஏனென்றால் கதையைப் படிப்பதை விட்டுவிட்டு எல்லோரும் தத்தம் மனக்குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் சொல்ல இருக்கிறது. இங்கே கோயிலில், தமிழ் பேசுகிறவர் ஜைனரா என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறார்கள். வந்தவாசிப் பக்கம் ஊருக்குப் போகும் ரயிலில் ஜைனன் என்று சொன்னால், சேட்டு தமிழ் நல்லாப் பேசுறாரே என்கிறார்கள். சொல்லிச் சிரித்துவிடலாம். ஆனால் எனக்கு உரிமம் கிடைத்தது. கடை கிடைத்தது. கேலி இரண்டு இடத்திலும் இருக்கலாம், அதற்குப் பின்னால் நிற்கிற பலம் ஒன்றல்ல. மேரியனை நம்மில் ஒருத்தி ஆக்கிக்கொண்டால், அவளைப் பார்க்கிற சிரமம் நமக்கு மிச்சமாகிவிடும். அவ்வளவுதான் லாபம்.

அந்தப் பலம் என்ன என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லவேண்டியிருந்தது. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்துக்கு இனம் தனித்தனி இடம் வைப்பது சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளைப் பொறுத்தவரை அது 1954-இல்தான் மாறியது. தென்மாநிலங்களில் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று. கேள்வி எது, விடை சரியா என்பதெல்லாம் பதிவு அதிகாரி வைத்ததே சட்டம். படித்த கறுப்பர்களும் அதில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதன் கழுத்தைப் பிடித்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாலத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் இடத்துக்குத் திரும்பி வந்தால், அது வெறும் பலகையாக இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. கதை நடக்கும் ஊர் எது என்று கிப்ஸ் சொல்லவில்லை. கடற்கரைக்குப் போகும் கார்க் கூட்டம் நிறைந்த ஒரு புறநகர், அவ்வளவுதான். தெற்கு என்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. மேரியன் தெற்கத்தியாள் இல்லையா என்று அதிகாரி வியக்கும் விதத்தைப் பார்த்தால் அவர் வடக்கில் நின்றுகொண்டு பேசுகிறார் என்றே தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான கறுப்பர்கள் தெற்கை விட்டு வடக்கே பிழைக்கப் போனார்கள். தெற்கைப்போல அங்கே எங்கு பார்த்தாலும் தனிப்பலகை, தனிச்சட்டம் என்று இல்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதுமாயிருந்தது.

அவர் சீட்டியடிக்கும் பாட்டு 'ஸ்வானி ரிவர்' என்று வழங்குவது. 1851-இல் ஸ்டீவன் ஃபாஸ்டர் இயற்றியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்போல் ஆடிப்பாடும் வெள்ளைக்காரக் குழு ஒன்றுக்காக எழுதியது. தெற்கே விட்டுவந்த வீட்டை நினைத்து ஒரு கறுப்பன் ஏங்குவதாகப் பாட்டு. ஃபாஸ்டர் பிறந்தது எங்கே தெரியுமா? பிட்ஸ்பர்க் பக்கம். அதே பென்சில்வேனியா. மேரியனின் மாநிலத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்து செய்த ஊர் ஏக்கத்தை, அந்த மாநிலத்திலேயே பிறந்தவளிடம் சீட்டியடித்துக்காட்டி, ஊர் நினைவு வருகிறதா என்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. வகுப்பில் மார்தட்டிச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "கதை எழுதினவங்களுக்கு அது தெரியுமா தாத்தா?" என்றான். தெரியாது. கதைக்குள் அதற்கு ஆதாரம் இல்லை. உரைகாரர்களுக்கு உள்ள நோய் இது, தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூலத்தின் தலையில் கட்டுவது. ஓரக்குறிப்பாக வைத்துக்கொள்வோம் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

இனி எரிக்ஸன் அம்மாள். கதையில் கெட்டவர் யார் என்று காட்டுவது எளிது. இந்த அம்மாள்தான் கடினம். நல்லவர். மேரியன் மேல் உண்மையான பிரியம். துணைக்கு வருகிறார், தைரியம் சொல்கிறார், அதிகாரியிடமும் அவளுக்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்கிறார். ஆனால் முதல் தோல்விக்கு அவர் சொல்லும் காரணங்களை வரிசையாகப் பாருங்கள். கூட வந்த உறவுக்காரப் பையன் பேசிப் பேசிப் பதற்றப்படுத்திவிட்டான். மேடு, மழை, யாராயிருந்தாலும் சறுக்கும். ஏதோ கையில் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். (லஞ்சம் என்றதும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. தேசம் விட்டுத் தேசம் போனாலும் அது ஒன்று புரிகிறது.) எல்லாக் காரணமும் வருகிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை மேரியனே சொல்கிறாள், வெள்ளைக்காரர் ஒருவர் கூட வந்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று. அதெல்லாம் இல்லை என்று அம்மாள் ஆரம்பித்து, பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. அவர் பொய் சொல்லவில்லை. பார்க்க விரும்பவில்லை. பிறகு கதை அவரை நடைபாதையில் இறக்கிவிட்டுக் காரைக் கொண்டுபோவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய அன்பு எதிலிருந்து ஊறுகிறது? மேரியனின் கறுத்த, காரியத்தில் தேர்ந்த கைகளைப் பார்த்து, இவள் வருவதற்கு முன் இந்த வீடு எப்படி ஓடியது என்று வியக்கிறார். அதற்குமுன் வேலைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண்களை இகழ்ந்து நினைக்கிறார். வீடு, குழந்தை, பள்ளிக்கூடம், எல்லாம் அவர் சௌகரியம். பட்டம் வாங்கிய ஒருத்தி குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வேலைக்கு உரிமம் தேடி அலைகிறாள் என்பது அவருக்கு ஒரு கணமும் உறுத்துவதில்லை. கதாசிரியரும் அதைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லை. உரிமம் கிடைக்காமல் போனது கண்ணுக்குத் தெரிகிற அநியாயம். பட்டம் பெற்றும் அந்த வீட்டில் இருப்பது, கதையிலேயே பெரிய அநியாயம், யாரும் குரல் உயர்த்தாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

காத்திருக்கும்போது அந்த அம்மாள் மனம் நெகிழ்ந்து ஒன்று சொல்கிறார். உன் மதிப்புக்குப் பாதியாவது என்னால் சம்பளம் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிற கருத்தில். இருவரும் அன்போடு சிரித்துக்கொள்கிறார்கள். 'வொர்த்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நான் 'மதிப்பு' என்று போட்டிருந்தேன். நம் வகுப்பில் ஒரு பெண் பத்தாவது படிக்கிறாள். அவள் தாயார் நம் சங்கத்து உறுப்பினர் சிலர் வீட்டில் சமையல் வேலை செய்கிறார். பெயர் வேண்டாம். ஐந்து வாரமும் அதிகம் பேசாத பெண். அன்று எழுந்து, "தாத்தா, அந்த அம்மா பாதிகூடக் குடுக்கலைன்னு அவங்களே சொல்றாங்க இல்ல?" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் அந்த இடத்தை இருபது தடவையாவது படித்திருப்பேன். நாற்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். பாசம் என்றே படித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவள் அதைக் கணக்காகப் படித்தாள். கணக்குத்தான் அது. வாங்குவது முழு வேலை, கொடுப்பது பாதிக்கும் கீழே. கொடுக்கிறவரே கையெழுத்துப் போட்டுத் தந்த கணக்கு. 'மதிப்பு' வேண்டாம், 'கூலி' என்று போடலாமா என்று கேட்டாள். அது மூலத்தை மீறும் என்றேன். 'பெறுமானம்' என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அவளுக்கு இரண்டு பிஸ்கட்.

என் கடையில் சரக்குப் போடும் தம்பி பதினாலு வருஷமாக இருக்கிறான். உனக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்டா என்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொல்கிற வழக்கம் எனக்கு உண்டு. அன்று ராத்திரி பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீதி என் வீட்டு விஷயம். ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர், அதிகாரியைத் திட்டிவிட்டு நிறுத்தினால் கதையில் பாதியைத்தான் படித்ததாக ஆகும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம்மில் யாரும் அந்த அதிகாரியாக இருக்க வாய்ப்பில்லை. நடைபாதையில் நிற்பவராக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கடைசி வாரம், தேர்வு முடிந்து வீடு திரும்பும் பயணத்தை எழுதிவரச் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் மேரியனே காரை ஓட்டிக்கொண்டு திரும்புவதாக எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. விசாரித்தால், கதை முடிவில் அவள் வலப்பக்க இருக்கைக்கு நகர்ந்தாள் என்று இருக்கிறதே என்றார்கள். நம் நாட்டுக் காரில் வலப்பக்கம்தானே ஓட்டுகிறவர் இடம்! அமெரிக்காவில் ஓட்டுநர் இருப்பது இடப்பக்கம் என்று சொன்னதும், ஒவ்வொருவராகத் தங்கள் தாளைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை. பெருமிதமாக வீட்டுக்கு ஓட்டி வந்தவளைப் பக்கத்து இருக்கைக்கு இறக்குவது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. வந்த வழியெல்லாம் ஓட்டிவந்தவள் ஒரு சொல் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர்வதுதான் கதையின் கடைசிக் காரியம். இதற்குமேல் எழுதினால் கெட்டுவிடும் என்று கிப்ஸ் அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் மட்டும் மூன்றே வரி எழுதியிருந்தாள். எரிக்ஸன் அம்மாள் ஓட்டுகிறார். அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்கிறார். நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று மேரியன் கேட்கிறாள். "அதுக்கு மேல எழுத வரலை தாத்தா" என்றாள். போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.